கொள்ளுத்தாத்தா பெயர் பொறித்த மெடல்: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்)ப் போய் வந்தவர். அவருடைய வெள்ளி மெடல் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. விளிம்பில் அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கின்றன. இதோடு வெண்கலத்தில் விக்டரி மெடலும் வந்திருக்க வேண்டும் என்று படித்தேன். போன வருஷம் இணையத்தில் படம் போட்டு அதைத் தேடினேன். இப்போது டெல்லியில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், அதே எண்ணும் பெயரும் பொறித்த விக்டரி மெடல் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 85,000 ரூபாய் கேட்கிறார். 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். இரண்டு மெடல்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன். அது அசல்தானா? இந்தக் காலத்தில் மெஷினில் எதையும் செய்துவிடலாம் என்கிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டா? நான் சேர்த்து வைத்திருக்கும் தொப்பி பேட்ஜ்களை நினைத்தாலும் இப்போது பயமாக இருக்கிறது. (பெயர், ஊர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதி 75,000 ரூபாயை அனுப்பாதீர்கள். "ஜோடி பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்" என்று அவர் உங்கள் வெள்ளி மெடலைக் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வெண்கல மெடல் பழையதாகவே இருக்கலாம். விளிம்பில் இருக்கும் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் சமீபத்தில் லேசரில் வெட்டியது என்பது என் முடிவு.

நீங்கள் படித்தது சரிதான். உங்கள் வீட்டில் இருப்பது பிரிட்டிஷ் வார் மெடல். 36 மில்லிமீட்டர் விட்டம், 92.5 சதவீத வெள்ளி. அதே அளவில் வெண்கலத்தில் செய்தது விக்டரி மெடல். ஒருபுறம் சிறகு விரித்த வெற்றித் தேவதை, மறுபுறம் 1914-1919 என்ற ஆண்டுகள். போர்முனைக்குப் போனவர்களுக்குத்தான் விக்டரி மெடல் கிடைத்தது. மெசபடோமியா போர்முனைதான் என்பதால் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அது உரியது. வெள்ளி மெடல் சுமார் 65 லட்சம், விக்டரி மெடல் சுமார் 57 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டன.

இந்த ஜோடிகள் உலகம் முழுக்கப் பிரிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் வெள்ளிதான் போயிருக்கும். 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலர் பக்கம் ஏறியபோது ஏராளமான வார் மெடல்களை உருக்கிவிட்டார்கள். வெண்கலத்தை யாரும் சீந்தவில்லை. அதனால் இன்றைக்கும் தனி விக்டரி மெடல்கள் தாராளமாக, மலிவாகக் கிடைக்கின்றன. மோசடி செய்பவருக்கு வேண்டிய மூலப்பொருள் அதுதான். யாரோ ஒரு சிப்பாயின் அசல் மெடலை வாங்கி, விளிம்பை லேத்தில் பிடித்து மெல்லிசாகச் சீவி, அந்த இடத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை ஏற்றினால் போதும். எனக்கு மனசு கொதிப்பது இந்த இடத்தில்தான். உங்களை ஏமாற்றுவதற்காக இன்னொரு குடும்பத்தின் கொள்ளுத்தாத்தா பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் தேடினாலும் அந்த மெடல் இனி கிடைக்காது.

சரி, எதை வைத்துச் சொல்கிறேன்? நீங்கள் இணையத்தில் போட்ட படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். விளிம்பு வளைந்து போவதால் நடுவில் இருக்கும் எழுத்துகள் அகலமாகவும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கியும் தெரியும். அது கேமரா கோணத்தால் வருவது. மெடலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் எல்லா எழுத்தும் ஒரே அகலம்தான். இப்போது டெல்லிக்காரர் அனுப்பிய படங்களைப் பாருங்கள். அவர் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தையும் நேராகவே எடுத்திருக்கிறார். அப்படி எடுத்தும் பெயரின் கடைசி எழுத்துகள் ஒடுங்கியே இருக்கின்றன. உங்கள் படத்தை அப்படியே கணினியில் படியெடுத்து லேசருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கோணத்தால் வந்த ஒடுக்கமும் சேர்ந்தே உலோகத்தில் ஏறிவிட்டது.

இன்னொன்று. உங்கள் வெள்ளி மெடலில் பெயரின் இரண்டாம் எழுத்துக்குக் குறுக்கே ஒரு கீறல் இருக்கிறது. வெண்கலத்திலும் அதே எழுத்தில், அதே சாய்வில் ஒரு கோடு. ஒரே எஃகு எழுத்தச்சால் இரண்டு மெடலிலும் பெயரைப் பதித்திருந்தால், அச்சில் உடைந்த ஒரு மூலை இரண்டிலும் தெரிய வாய்ப்பு உண்டு. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எங்கோ கல்லில் உரசி வந்த கீறல் இரண்டு மெடல்களில் ஒரே இடத்தில் வராது. அப்புறம், உங்கள் படத்தில் படைப்பிரிவின் பெயர் நிழலில் மறைந்திருக்கிறது. அவருடைய மெடலில் சரியாக அந்தப் பகுதிக்கு மட்டும் எழுத்தின் தடிமனும் இடைவெளியும் மாறுகின்றன. படியெடுக்க ஒன்றும் கிடைக்காததால் ஏதோ ஓர் எழுத்துருவைப் போட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் பொதுவான கேள்விக்கு வருகிறேன். நான் தொழிற்சாலை டூல் ரூமில் டை, அதாவது உலோகத்தை அடித்து உருவம் பதிக்கும் எஃகு அச்சு, வெட்டிய ஆள், மெடல்களையும் பேட்ஜ்களையும் சோதித்துச் சொல்வது பிற்பாடு வந்த தொழில். அதனால் மெஷின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். மெஷினில் எந்த உருவத்தையும் செய்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஓர் உலோகத் துண்டுக்கு நூறு வருஷத்தில் என்னென்ன நடந்ததோ, அதே வரிசையில் அதே அடையாளங்களை ஏற்படுத்துவது மிகக் கடினம். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த வரிசையை.

அந்தக் காலத்தில் விளிம்பில் பெயரை எஃகு எழுத்துகளால் அழுத்திப் பதித்தார்கள். அழுத்தும்போது உலோகம் எங்கும் போவதில்லை, ஒதுங்குகிறது. எழுத்தின் கரையில் லேசான மேடு எழும்பும். பக்கச் சுவர் சாய்வாக இருக்கும், அடி வழவழப்பாக இருக்கும். பல மெடல்களில் விளிம்பின் ஓரமே அந்த இடத்தில் நூலளவு பிதுங்கியிருக்கும். லேசர் உலோகத்தைச் சுட்டு ஆவியாக்கி எடுக்கிறது. சாவிக்கொத்திலும் பேனாவிலும் பெயர் போட்டுத் தரும் கடைகளில் இருக்கும் அதே பைபர் லேசர் போதும். எழுத்தின் அடியில் சின்னச் சின்னக் குழிகள் வரிசை வரிசையாக நிற்கும். கரையில் உருகி உறைந்த துணுக்குகள் ஒட்டியிருக்கும். எல்லா எழுத்தும் ஒரே ஆழம். நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். குழியும் மேடும் அப்போதுதான் தெரியும்.

அதே வெளிச்சத்தில் கீறல்களைப் பாருங்கள். நூறு வருஷம் பெட்டியில் கிடந்த மெடலில் கீறல்கள் எழுத்தின் கரையை மழுக்கிக்கொண்டு, அதன் மேலேறிப் போயிருக்கும். பிறகு வெட்டிய எழுத்தில் பழைய கீறல் எழுத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, அந்தப் பக்கம் கூர்மையாகத் தொடரும். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். என் வேலையில் நான் மிகவும் நம்புவது இந்தச் சோதனையைத்தான். விளிம்பை முழுக்கச் சீவியிருந்தால் பெயரைச் சுற்றிப் பழைய கீறலே இருக்காது. முகப்பில் அத்தனை அடிபட்ட மெடலுக்கு விளிம்பு மட்டும் ஏன் இத்தனை சுத்தம் என்று கேட்க வேண்டியதுதான். மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் விட்டத்தை அளந்து பாருங்கள். சீவிய மெடல் 36 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறையும், அல்லது இடத்துக்கு இடம் மாறும்.

மெடலையே புதிதாகச் செய்வது வேறு வகை. முன்பெல்லாம் அசலை வைத்து அச்சு எடுத்து வார்ப்பார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி ஒன்று, இரண்டு சதவீதம் சிறிதாக வரும். மேற்பரப்பில் குண்டூசி முனையளவு துளைகளும் இருக்கும். வெர்னியரை வைத்தாலே பிடித்துவிடலாம். இப்போது அசலை 3டி ஸ்கேனரில் வைத்து உருவத்தை எடுக்கிறார்கள். சுருங்கும் அளவைக் கணக்கிட்டு முன்கூட்டியே பெரிதாக்கிக்கொள்கிறார்கள். அல்லது வார்ப்பையே விட்டுவிட்டு, கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் எஃகு டை வெட்டி, அசலைப் போலவே பிரஸ்ஸில் அடிக்கிறார்கள். அளவு சரியாக இருக்கிறது, துளையும் இல்லை. "அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்ற பேச்சுக்கு இப்போது மதிப்பே இல்லை.

அப்படியும் தடம் இருக்கும். ஸ்கேனரின் கண்ணுக்கு எட்டாத நுணுக்கங்கள் காணாமல் போகும். விக்டரி மெடலில் தேவதையின் இறகு வரிகளைப் பாருங்கள். நகலில் அவை மெழுகு தடவியது போல மழுங்கியிருக்கும். சி.என்.சி. கட்டரின் முனை உருண்டை என்பதால், உள்மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருக்கும். டையைச் சரியாகப் பாலிஷ் செய்யாவிட்டால், கட்டர் போன தடம் சமதளத்தில் இணைகோடுகளாகத் தெரியும். மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மெஷினில் செய்த டை என்றால் அந்தச் சமதளம் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருக்கும். இவை எல்லாவற்றையும் விட வலுவான சாட்சி ஒன்று உண்டு. ஸ்கேன் செய்த அசலில் கன்னத்திலோ சிறகிலோ ஒரு சின்ன அடி இருந்திருந்தால், அந்த டையில் அடித்த எல்லா நகலிலும் அதே அடி அதே இடத்தில் இருக்கும். அதனால் வாங்கும் முன், விற்பனைக்கு வந்திருக்கும் அதே வகை மெடல்களின் படங்களைத் தேடி வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டு மெடலில் ஒரே அடி தெரிந்தால் இரண்டையுமே விட்டுவிடுங்கள்.

உலோகத்தைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ரிப்பனைக் கழற்றிவிட்டு மெடலை எடை போடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை டிஜிட்டல் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெடலை நூலில் கட்டி, அடியில் முட்டாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு எவ்வளவு ஏறுகிறதோ, அதால் முதல் எடையை வகுத்துவிடுங்கள். உலர்ந்த எடை 26 கிராம், ஏற்றம் 3 கிராம் என்றால் கிடைப்பது 8.67. வெண்கலம் 8.7-ஐ ஒட்டி வரும். முலாம் பூசிய துத்தநாகக் கலவை 6.7-தான் வரும். உங்கள் வெள்ளி மெடல் 10.3 பக்கம் வர வேண்டும். பித்தளை 8.5 என்பதால் வெண்கலத்தை அதிலிருந்து பிரிக்க இது போதாது. அதற்கு நகைக்கடைகளில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷினில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும், முலாம் இருந்தால் முலாமின் கணக்கைத்தான் சொல்லும்.

உங்கள் விஷயத்தில் இந்த உலோகச் சோதனைகள் எதுவும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அசல் மெடலில் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் எடை, உலோகம், முகப்பு எல்லாமே சரியாக இருக்கும். "கடையில் கொடுத்து டெஸ்ட் செய்து ரிப்போர்ட் அனுப்புகிறேன்" என்று விற்பவர் முன்வந்தால் மயங்கிவிடாதீர்கள். கேள்வி உலோகத்தைப் பற்றியது அல்ல, பெயரைப் பற்றியது.

அசல் டையில் அடித்துவிட்டாலே அசல் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மெடல் ஆஃப் ஹானர் என்ற மிக உயர்ந்த வீர விருதை அரசுக்குச் செய்துகொடுத்த ஒப்பந்த நிறுவனமே, சுமார் 300 மெடல்களைக் கூடுதலாக அடித்து வெளியே விற்றதற்காக 1996-ல் தண்டிக்கப்பட்டது. இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் ராணுவ விருதிலும் இதே சிக்கல் உண்டு. 1957-ல் மேற்கு ஜெர்மனி ஸ்வஸ்திகாவை நீக்கிய வடிவத்தை முன்னாள் வீரர்கள் அணிய அனுமதித்தபோது, பழைய விருதுகளின் தயாரிப்பு மறுபடி தொடங்கியது. அங்கே நிபுணர்கள் டையில் விழுந்த விரிசலைப் பின்தொடர்கிறார்கள். விரிசல் அடிக்க அடிக்க வளரும். போர்க்காலத்தில் கொடுத்தது என்று சொல்லும் சிலுவையில் முற்றிய விரிசலின் தடம் இருந்தால் சந்தேகம் எழுகிறது.

உங்கள் தொப்பி பேட்ஜ்களுக்கு மொத்தமாகப் பயப்பட வேண்டாம். பெரிய பணம் கொடுத்து வாங்கியவற்றை மட்டும் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தகட்டில் அடித்த அசல் பேட்ஜில், முன்பக்கத்து மேடு பின்பக்கம் பள்ளமாக இருக்கும். மாட்டும் கம்பியின் பற்றவைப்பு உடம்போடு ஒரே நிறத்தில் கறுத்திருக்க வேண்டும். பேட்ஜ் பழுப்பேறி, பற்றவைப்பு மட்டும் பளபளத்தால் நல்லதல்ல. பின்பக்கத்தில் புகழ்பெற்ற பர்மிங்ஹாம் நிறுவனத்தின் முத்திரை இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, முத்திரையையும் சேர்த்தேதான் போலி செய்கிறார்கள். கிரீடத்தை வைத்துக் காலம் சொல்வதிலும் இப்போது கவனம் வேண்டும். பேட்ஜில் டியூடர் கிரீடம் என்ற பழைய வடிவம் இருந்தால் 1953-க்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தோம். 2022-ல் மன்னர் சார்ல்ஸ் மறுபடி அதே வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நேற்று அடித்த முறையான பேட்ஜிலும் இப்போது டியூடர் கிரீடம்தான். துணி பேட்ஜ் என்றால் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். போர்க்கால நூல் மங்கலாகவே இருக்கும், இன்றைய செயற்கை நூல் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். பழைய துணியை யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் பளிச்சிடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இனி டெல்லிக்காரரை என்ன செய்வது? இன்றே அவருக்கு எழுதி மூன்று கேளுங்கள். விளிம்பு முழுக்க ஒரு சுற்று வருகிற மாதிரி, பக்கவாட்டு வெளிச்சத்தில், இடையில் வெட்டாத வீடியோ. யாரிடமிருந்து, எப்போது வாங்கினார் என்பதற்கு ஒரு ரசீது. நேரில் பார்த்துச் சோதித்த பிறகே மீதிப் பணம் என்ற எழுத்துப்பூர்வமான சம்மதம். எந்தெந்த எழுத்தை வைத்துக் கண்டுபிடித்தோம் என்பதைச் சொல்லிவிடாதீர்கள், அடுத்த ஆளுக்குச் செய்யும்போது திருத்திக்கொள்வார். பதில் மழுப்பலாக வந்தாலோ, "இன்னொருவர் கேட்கிறார், இன்றே முடிவு செய்யுங்கள்" என்று நெருக்கினாலோ, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அனுப்பிய 10,000 ரூபாயின் பரிவர்த்தனை எண், அவர் பேசிய செய்திகள், படங்கள் எதையும் அழிக்காதீர்கள். இதில் எவ்வளவு சீக்கிரம் புகார் கொடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

அசல் விக்டரி மெடலைத் தேடுவதை விட வேண்டாம், தேடும் விதத்தை மாற்றுங்கள். இணையத்தில் இருக்கும் பழைய படத்தை எடுத்துவிட்டு, எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துப் புதிதாகப் போடுங்கள். உண்மையில் மெடலைக் கையில் வைத்திருப்பவரால்தான் அந்த இரண்டு இலக்கத்தைச் சொல்ல முடியும். பழைய படத்தைச் சிலர் ஏற்கெனவே சேமித்திருக்கலாம் என்பதால், படைப்பிரிவின் பெயர் விளிம்பில் எப்படிச் சுருக்கி எழுதியிருக்கிறது என்பதை யாருக்கும் காட்டாமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் கேட்டுச் சரிபார்க்கலாம். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் எண், பெயர், ஊர், தெரிந்த வருஷங்கள் எல்லாவற்றையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். வெள்ளி மெடலின் விளிம்புப் படத்தை அவர்களுக்கு முழுதாகவே அனுப்பலாம்.

அதற்கு முன் உறவுக்குள் கேளுங்கள். அண்ணனுக்கு வெள்ளி, தம்பிக்கு வெண்கலம் என்று பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கொள்ளுத்தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், பெண்களை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இந்த வாரமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது விக்டரி மெடலின் இரு பக்கப் படத்தையும் அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். வெண்கலம் என்பதால் அது கறுத்து, பழைய செப்புக்காசு என்று நினைத்து ஏதாவது ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். கிடைத்தால் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அப்படியே ஒரு பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வந்து எனக்குப் படம் அனுப்புங்கள்.